அந்த இருபது மணி நேரம்

பிசெர்கா பெல்கிரேடில் கணிதம் படித்து முதல் வரிசையில் தேறியவள். அங்கேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தாள். அந்த இடம் வேறு யாருக்கோ போனது. அவளுக்குக் கிடைத்தது மொராவா ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்த பொருளியல் கல்லூரியில் உதவி ஆசிரியை வேலை. பாடம், கணித மாதிரியாக்கம். இரண்டே வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதாகச் சொல்லிக்கொண்டு 1983-இல் பெட்டியோடு வந்து இறங்கியவள், 2022-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தாள். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து, ஐந்தாம் வருஷம் முறிந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, நாமும் விட்டுவிடுவோம்.

பொருளியல்காரர்கள் அவளை "நம்ம கணக்கு அம்மா" என்பார்கள். குழாய் ஒழுகினால் குழாய்க்காரரைக் கூப்பிடுகிற தோரணையில்தான் அவளைக் கூப்பிடுவார்கள். அவளும் சளைத்தவள் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேரில் ஒருவருக்கும் கணக்குத் தலை கிடையாது என்று முதல் வாரமே முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவைத் திருப்பிப் பார்க்க அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அவளுடைய எல்லாத் துன்பத்துக்கும் வேர் அதுதான்.

மாணவர்கள் மட்டும் என்ன, தங்கமா? வங்கியில் நல்ல நாற்காலி வேண்டும், அப்பாவின் கடையைப் பெரிதாக்க வேண்டும் என்று வந்தவர்கள். "இந்த எக்ஸும் ஒய்யும் எங்களுக்கு எதுக்கு மேடம்?" என்று ஒவ்வொரு அக்டோபரிலும் ஒருவர் கேட்பார். மாதிரியாக்கம் என்ற பாடத்துக்கு அவர்கள் பொருத்தமாகவே நடந்துகொண்டார்கள்: கேட்ட மாதிரி உட்கார்ந்தார்கள், புரிந்த மாதிரி தலையாட்டினார்கள், படித்த மாதிரி எழுதினார்கள். தேறுவதற்கு வேண்டியது ஐம்பத்தோரு மார்க்கும் மஞ்சள் புத்தகமும்தான்.

மஞ்சள் புத்தகம் என்பது பேராசிரியர் ராதிவோய் எழுதிய பயிற்சிக் கணக்குத் தொகுப்பு. நூற்றெண்பது கணக்குகள், பின்னால் விடைகள். பரீட்சைக் கேள்விகள் அதிலிருந்துதான் வரும், ஒரு எண் கூட மாறாமல். ஆகவே யாரும் கணக்குப் போடுவதில்லை. விடுதியில் மூத்தவர்கள் இளையவர்களுக்கு நெட்டுருப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். நாற்பத்தேழாவது கணக்குக்கு விடுதியில் பெயரே "இருபது-முப்பது". கேள்வி என்ன என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, பதில் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

கேள்வி இதுதான். ஒரு ஆலை ராஸ்ப்பெர்ரிப் பழத்தில் ஜாமும் சாறும் செய்கிறது. ஒரு பெட்டி ஜாமுக்கு மூன்று கூடைப் பழமும் ஒரு மணி நேர வேலையும் வேண்டும். ஒரு பெட்டி சாற்றுக்கு இரண்டு கூடையும் இரண்டு மணி நேரமும் வேண்டும். கையில் இருப்பது நூற்றிருபது கூடை, நூறு மணி நேரம். ஜாமில் பெட்டிக்கு ஐந்து பங்கு லாபம், சாற்றில் நான்கு பங்கு. எது எத்தனை பெட்டி செய்தால் லாபம் அதிகம்? புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை: ஜாம் இருபது, சாறு முப்பது.

2001 செப்டம்பர்ப் பரீட்சையில் இந்தக் கணக்கு வந்தது. இருபத்தைந்து மார்க். ஒலிவெரா என்ற பெண் அதற்கு ஜாம் பத்து, சாறு நாற்பத்தைந்து என்று எழுதியிருந்தாள். இரண்டு பக்கம் கோடு போட்டு, படம் வரைந்து, தன் கையாலேயே செய்திருந்தாள். பிசெர்கா கடைசி வரியை மட்டும் பார்த்தாள். சிவப்புப் பேனாவால் ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனாள். ஒலிவெராவுக்கு மொத்தம் நாற்பத்தொன்று.

மார்க் போட்ட தாள்களை மாணவர்கள் வந்து பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். அன்று அறை முழுக்கக் கூட்டம். கெஞ்சல், அழுகை, "அரை மார்க் போடுங்க மேடம், அம்மாவுக்கு உடம்பு சரியில்ல" என்கிற வழக்கமான கச்சேரி. ஒலிவெரா கடைசியாக வந்தாள். மெலிந்த பெண், குட்டையாக வெட்டிய தலைமுடி.

"மேடம், நாப்பத்தேழு…"

"புத்தகத்துல இருக்கும்மா. எடுத்துப் பாரு."

"பார்த்தேன் மேடம். இருபது-முப்பதுன்னு வெச்சா பழமெல்லாம் தீந்துடுது, சரி. ஆனா வேலை எம்பது மணி நேரம்தான் ஆகுது. மிச்சம் இருபது மணி நேரம் அந்த ஆளுங்க என்ன பண்றாங்க?"

பிசெர்கா திருத்த வேண்டிய வேறு வகுப்புத் தாள் இன்னும் நாற்பது பாக்கி இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "காப்பி குடிக்கறாங்கன்னு வெச்சுக்கோயேன்" என்றாள்.

அறையே கொல்லென்று சிரித்தது. "ஆமாம்டி, நம்ம ஊரு ஆலை தெரியாதா உனக்கு? காலைல வந்ததும் காப்பி, போறதுக்கு முன்னாடி ஒரு காப்பி!" என்று ஒருத்தன் எடுத்துக் கொடுத்தான். மறுபடி சிரிப்பு. பிசெர்காவும் சிரித்தாள். தான் சொன்னது நன்றாக அமைந்துவிட்டது என்று அவளுக்கு ஒரு சின்னப் பெருமை கூட. ஒலிவெரா தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு முதல் வருஷத்தில் பாக்கி இருந்தது அந்த ஒரு பாடம்தான். அதில் தேறினால் அரசு செலவில் தொடரலாம், தேறாவிட்டால் தானே கட்டிப் படிக்க வேண்டும். அவள் அப்பா வேலை செய்த தொழிற்சாலை சம்பளம் கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அக்டோபரில் கடைசி வாய்ப்பு. அன்றும் அவள் வந்தாள். பெயரை எழுதி, வெறும் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

வெறும் தாளோடு இன்னொரு காகிதமும் கொடுத்தாள். அந்த வருஷம் பிசெர்கா பதவி உயர்வுக்காக ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தலைப்பு: கணித மாதிரியாக்கம் கற்பதில் பொருளியல் மாணவர்களின் மனப்பான்மை. பெயர் எழுதத் தேவையில்லாத கேள்வித்தாள். "இந்தப் பாடம் என் வாழ்க்கைக்குப் பயன்படும்", "இந்தப் பாடத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது" என்று வரிசையாகப் போட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டமிடச் சொன்னாள். பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் மூன்றில் வட்டமிட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடினார்கள். கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று நாலு வரி இடம். முந்நூற்றுப் பன்னிரண்டு தாளில் எழுதியிருந்தது பதினேழு பேர். அதில் ஒன்று: "அந்த இருபது மணி நேரம் எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை."

அந்த வசந்த காலத்தில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் இருபது மணி நேர வகுப்பு போயிருந்தது. யாரோ அதைத்தான் சொல்கிறார்கள் என்று பிசெர்கா எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே பூரிப்பு. விட்டுப்போன வகுப்பைக் கேட்டு ஏங்கும் மாணவர் ஒருவராவது இருக்கிறாரே! அந்த வரியை அப்படியே மேற்கோளாகப் போட்டு, மாணவர்கள் வெளியில் அலட்சியம் காட்டினாலும் உள்ளுக்குள் கூடுதல் பாட நேரத்தை விரும்புகிறார்கள் என்று முடிவுரை எழுதினாள். கட்டுரைக்குப் பாராட்டு வந்தது. பதவியும் வந்தது.

2006 மார்ச்சில் கல்லூரிக்குப் புதுக் கம்ப்யூட்டர் அறை வந்தது. கூடைகளையும் மணி நேரங்களையும் தட்டினால் மெஷினே சிறந்த விடையைச் சொல்லும் என்று காட்டுவதற்காக, எல்லாருக்கும் தெரிந்த கணக்கையே பிசெர்கா எடுத்தாள். நாற்பத்தேழு. புத்தகத்தைப் பார்த்து எண்களைத் தட்டினாள். திரையில் வந்தது: பத்து, நாற்பத்தைந்து.

"மேடம், தப்பா அடிச்சுட்டீங்க" என்றது முன்வரிசை.

அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். பத்து, நாற்பத்தைந்து. மூன்றாம் தடவையும் அதேதான்.

"மெஷின் கோளாறு மேடம். புது மெஷின் இல்லையா. இருபது-முப்பதுதானே வரணும்" என்று ஒரு பையன் ஆறுதல் சொன்னான். எல்லாரும் தங்கள் குறிப்பேட்டில் இருபது-முப்பது என்று எழுதிக்கொண்டார்கள். கண்ணெதிரே திரை வேறு சொல்கிறது, அவர்கள் பாட்டுக்கு எழுதினார்கள். அதைப் பார்த்தபோதுதான் பிசெர்கா எழுந்தாள்.

வகுப்பை விட்டுவிட்டுத் தன் அறைக்கு ஓடி, அலமாரியில் இருந்த பழைய பதிப்பை எடுத்துப் பிரித்தாள். அதில் கேள்வியில் இருந்தது எண்பது மணி நேரம். எண்பதுக்கு இருபது-முப்பது சரி. 1995-இல் இரண்டாம் பதிப்பு போட்டபோது, மாணவர்கள் பழைய விடைகளை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள் என்று கோபப்பட்டு ராதிவோய் சில எண்களை மாற்றினார். எண்பதை நூறாக்கினார். இதற்கு மட்டும் பின்னால் விடையை மாற்ற மறந்துவிட்டார். பதினோரு வருஷமாக ஒரு பேராசிரியர், ஓர் ஆசிரியை, மூவாயிரம் மாணவர்கள். அத்தனை பேரும் தப்பை ஒப்பித்துத் தேறினார்கள். போட்டுப் பார்த்தவள் ஒருத்தி. அவளுக்குச் சுழி.

அப்போது அந்தக் கேள்வித்தாள் நினைவுக்கு வந்தது. கட்டுகளைக் கீழே இறக்கி, தரையில் உட்கார்ந்து தேடி எடுத்தாள். ஒலிவெராவின் சாய்ந்த கையெழுத்து. இருபது மணி நேரம் எங்கே போனது என்று அந்தப் பெண் இரண்டாம் தடவையும் தன்னிடம்தான் கேட்டிருக்கிறாள். அதைத் தன் பதவிக்கு மேற்கோளாக்கிவிட்டோம் என்று புரிந்தபோது பிசெர்காவுக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை.

அப்போதே ஒலிவெராவைத் தேடிப் போயிருக்கலாம். முகவரி அலுவலகத்தில் இருந்தது. அவள் போகவில்லை. முதலில் ராதிவோயிடம் சொல்ல வேண்டும் என்று தள்ளிப்போட்டாள். மே மாதம் அவர் குடும்பத்தின் காவல் புனிதரை வீட்டில் கொண்டாடும் நாள் வந்தது. யாரையும் அழைக்கும் வழக்கம் இல்லை, தெரிந்தவர்கள் தாங்களாகவே போவார்கள். மெழுகுவத்தி எரிய, ரொட்டி வெட்டி, கோதுமை இனிப்பு கொடுத்து முடிந்ததும், அவரைச் சமையலறைக்குள் தனியாகப் பிடித்தாள்.

"சார், நாப்பத்தேழாவது கணக்கு தப்பு."

"இன்னிக்கா?" என்றார் அவர். "எங்க வீட்டு நாளுக்குப் பூ கொண்டு வருவாங்க, பாட்டில் கொண்டு வருவாங்க. அச்சுப்பிழை கொண்டு வந்த ஆளு நீ ஒருத்திதான்மா."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டைக் கீழே வைத்தார். "பதினோரு வருஷத்துல ஒருத்திதான் போட்டுப் பார்த்தாளா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கிழவர் முகத்திலும் ஒரு கணம் வலி தெரிந்தது. அப்புறம் துடைத்துவிட்டார்.

"சரி, நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்னே வெச்சுக்கோ. தேறின மூவாயிரம் பேரை என்ன பண்ணுவ? கூப்பிட்டு மார்க்கைத் திருப்பி வாங்குவியா? அந்தப் பொண்ணு இந்நேரம் எங்கேயாவது குடியும் குடித்தனமுமா இருப்பா. நீ போய்க் கலக்காத. அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம். வா, உள்ள எல்லாரும் தேடுவாங்க."

அவர் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றுதான் அங்கே போனாள் என்று கூடச் சொல்லலாம். சொல்லிவிட்டால் கட்டுரை கேலிக்கூத்தாகும், பதவியைப் பற்றிப் பேச்சு வரும் என்ற பயம் அவளுக்கு இருந்தது. அடுத்த குளிர்காலத்தில் ராதிவோய் இறந்தார். மூன்றாம் பதிப்பு பிசெர்காவின் பொறுப்பில் வந்தது. விடையை அவள் திருத்தவில்லை. திருத்தினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். கேள்வியில் நூறை மறுபடி எண்பதாக்கினாள். இருபது-முப்பது சரியாகிவிட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் தன் வாழ்க்கையில் செய்த காரியங்களிலேயே இதைத்தான் பின்னால் அதிகம் வெறுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் நல்ல ஆசிரியையானாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். எண்களை ஒவ்வொரு பரீட்சைக்கும் மாற்றினாள். கடைசி வரியை விட்டுவிட்டு முதல் வரியிலிருந்து படித்தாள். "பதில் கிடக்கட்டும், எப்படி வந்ததுன்னு சொல்லு" என்பாள். மாணவர்கள் அவளைச் சபித்தார்கள், சிலர் கற்றுக்கொண்டார்கள். யார் நன்றாகப் போட்டாலும் ஒலிவெரா நினைவுக்கு வந்தாள்.

2022 இலையுதிர்காலத்தில் பிரிவுபசார விழா. கல்லூரித் தலைவர் அவளுடைய பழைய கட்டுரையைத் தேடிப் பிடித்து, மேடையில் வாசித்தார். "ஒரு மாணவரின் உருக்கமான சொற்களில்" என்று நிறுத்தி, அந்த வரியைக் குரல் தழுதழுக்கப் படித்தார். கைதட்டல் ஓய நெடுநேரம் ஆனது. பிசெர்கா தலையைக் குனிந்துகொண்டாள், அடக்கம் என்று நினைத்தார்கள். சாப்பாட்டின்போது, வந்திருந்த பழைய மாணவி ஒருத்தியிடம் ஒலிவெராவைப் பற்றிக் கேட்டாள். "அவளா? சாச்சாக்ல திரைச்சீலைக் கடை வெச்சிருக்கா மேடம். சந்தைக்கு எதிர்த்தாப்புல" என்றாள் அவள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிசெர்கா பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒத்திகை. "அறையைக் காலி பண்ணும்போது பழைய பதிப்பு கண்ணுல பட்டுதும்மா, போன வாரம்தான்." போன வாரம்தான் என்பது பொய். பதினாறு வருஷம் என்று சொல்ல நாக்கு வராது என்று அவளுக்குத் தெரியும், அதனால் அதைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

கடையில் ஒரு பெண் மூன்று ஜன்னல் அளவை எழுதிக்கொண்டு வந்து பதினொரு மீட்டர் துணி கேட்டுக்கொண்டிருந்தாள். மேஜைக்குப் பின்னால் நின்றவள் சீட்டை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள். "எதுக்கு பதினொன்னு? சின்ன ஜன்னலுக்குத் துணியைக் குறுக்கே திருப்பிப் போட்டுக்கலாம். ஒம்பதரை போதும். வீணா காசைப் போடாத அக்கா." பென்சிலைக் கூட எடுக்கவில்லை. தலைமுடி நரைக்கத் தொடங்கியிருந்தாலும் அதே குட்டை வெட்டு.

வாடிக்கையாளர் போனதும் அவள் நிமிர்ந்தாள். "மேடம்!" முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பிசெர்கா மேடம்தானே? ஐயோ, உக்காருங்க, உக்காருங்க." ஒரு ஸ்பூன் செர்ரி இனிப்பும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டு வந்து வைத்தாள். "உங்ககிட்ட படிச்சேன்னு என் பொண்ணுகிட்ட சொல்லுவேன். அவளுக்கும் கணக்குன்னா கசப்பு. நம்ம குடும்பத்துக்கே அது வராதுடி, விட்டுடுன்னு சொல்லிட்டேன்."

பிசெர்கா ஸ்பூனைக் கீழே வைத்தாள். "ஒலிவெரா, நாப்பத்தேழாவது கணக்கு ஞாபகம் இருக்கா?"

"ஜாம் கணக்கா? நல்லா ஞாபகம் இருக்கு. ரொம்ப நாள் அதையே போட்டுப் போட்டுப் பார்த்தேன். எங்க தப்பு பண்றேன்னு கண்டுபிடிக்கவே முடியல. அப்புறம் விட்டுட்டேன்."

"நீ தப்பு பண்ணலம்மா. பத்து, நாப்பத்தஞ்சுதான் சரி. புத்தகம்தான் தப்பு. நான் பார்க்காம சுழி போட்டுட்டேன்."

ஒலிவெரா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. மேஜையில் கிடந்த அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அப்ப எனக்குக் கணக்கு வந்ததா?" என்று கேட்டாள்.

"வந்தது. அந்த அறையில உனக்கு மட்டும்தான் வந்தது."

தெருவில் சந்தை கலைகிற சத்தம் கேட்டது.

"எப்ப தெரிஞ்சுது மேடம்?"

போன வாரம்தான் என்ற சொல் நுனிநாக்கு வரை வந்தது. இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு தப்பான விடையைச் சரி என்று கொடுத்தாயிற்று. இன்னொன்றையும் கொடுக்க பிசெர்காவால் முடியவில்லை.

"2006-ல" என்றாள். "மார்ச்சுல."

ஒலிவெரா நாடாவைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று பிசெர்கா காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

"2006-ஆ?" என்றாள் ஒலிவெரா, யாரிடமோ விசாரிப்பது போல. "அந்த வருஷம் அக்டோபர்லதான் மேடம், பாதில விட்டவங்கள மறுபடி சேத்துக்கறோம்னு உங்க காலேஜ்லேருந்து அறிவிப்பு வந்தது. எனக்கு இருபத்தஞ்சு வயசு. அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைச்சிருந்தது, நான் கட்டறேன் நீ போன்னாரு. நான் போய் ஃபாரம் கூட வாங்கிட்டு வந்துட்டேன். பேரு, ஊரு எல்லாம் எழுதிட்டேன். பாக்கி இருக்கற பாடம்னு ஒரு கட்டம் இருந்தது. அதுல கணித மாதிரியாக்கம்னு எழுதினேன். எழுதிட்டு, இது நமக்கு வராதேன்னு கிழிச்சுப் போட்டுட்டேன்."